மூன்று கோடை, ஒரு கணக்கு நோட்டு: மலையா, ஆச்சி வீடா, நம் வீடா?

முழு ஆண்டுத் தேர்வு அட்டவணை வந்த அன்றே எங்கள் தெருவில் அந்தக் கேள்வி கிளம்பிவிடும். "லீவுக்கு எங்கே?" பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். "எங்கேயும் இல்லை, வீட்டில்தான்" என்று சொல்லும்போது குரல் ஏனோ தணிந்துவிடுகிறது, வாடகை பாக்கியைப் பற்றிப் பேசுவதைப் போல.

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். அலுவலகத்தில் எழுதும் கை வீட்டிலும் சும்மா இருப்பதில்லை. 2023, 2024, 2025 ஆகிய மூன்று கோடைகளையும் மூன்று விதமாகக் கழித்தோம். முதல் ஆண்டு கல்லிடைக்குறிச்சியில் என் அம்மா வீடு (பிள்ளைகளுக்கு ஆச்சி வீடு), அடுத்த ஆண்டு கொடைக்கானல், அதற்கடுத்த ஆண்டு சென்னை அயனாவரத்தில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீடு. மூன்றின் செலவும் ஒரே நோட்டில் இருக்கிறது. நானும் கணவரும், இப்போது பன்னிரண்டு வயதாகும் மகள், எட்டு வயது மகன், அத்தை என்று நான் அழைக்கும் மாமியார் என வீட்டில் ஐந்து பேர். எது மலிவு என்று நோட்டைப் புரட்டினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. அந்த மலிவுக்காக வீட்டில் யார் எவ்வளவு உழைத்தார்கள் என்று எழுதத்தான் அதில் இடம் விடவில்லை. இந்தக் கட்டுரையில் அதையும் சேர்த்து எழுதிப் பார்க்கிறேன்.

மலையிலிருந்து தொடங்குகிறேன். வெயில் ஏறியதும் எல்லோர் நினைப்பும் அங்கேதான் போகிறது.

2024 மே இரண்டாம் வாரம், மூன்று இரவு. அத்தைக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. நாத்தனார் வீட்டில் தங்கிக்கொண்டார். ரயிலுக்கு 2,700 ரூபாய். கொடை ரோடு நிலையத்திலிருந்து ஏறி இறங்கவும் ஊர் சுற்றவும் கார் 9,500. அறை ஓர் இரவுக்கு 4,200 வீதம் 12,600. சாப்பாடு 6,300. படகு, குதிரை, நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்ந்து 2,400. சாக்லேட், தைலம், தெருவுக்குக் கொடுக்க இனிப்பு என்று 1,900. ஆக 35,400. இதே அறை செப்டம்பரில் என்ன விலை என்று விடுதிப் பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். ஆயிரத்து எண்ணூறு என்றான்.

அந்த மே 7-ஆம் தேதிதான் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. ஓட்டுநரே எடுத்து வைத்திருந்ததால் எங்களுக்குச் சிக்கல் வரவில்லை. ஆனால் பாஸ் இருந்தால் பாதை காலியாக இருக்கும் என்று நினைத்தது எங்கள் அப்பாவித்தனம். வெள்ளி நீர்வீழ்ச்சிக்குக் கீழே ஒன்றரை மணி நேரம் வண்டி நகரவில்லை. மகன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். மறுநாள் தூண் பாறைக்குப் போனால் கண்ணுக்கு முன்னால் ஒரே வெள்ளைப் பனிமூட்டம். தூணும் தெரியவில்லை, பாறையும் தெரியவில்லை. 2025 கோடையில் வண்டிகளின் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தார்கள். கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000. ஊட்டிக்கு 6,000, 8,000. வரம்பு வைத்த பிறகே ஒரு நாளைக்கு நாலாயிரம் வண்டி என்றால் அதற்கு முன்பு அந்த மலை என்ன பாடுபட்டிருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அரசுப் பேருந்தில் ஏறிப் போகிறவர்களுக்கு மட்டும் இ-பாஸ் தொல்லை கிடையாது.

ஆனாலும் ஒன்றை மறுக்க மாட்டேன். சென்னையில் கத்திரி வெயில் கொளுத்திய அந்த மூன்று இரவும் நாங்கள் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு சீட்டு விளையாடினோம். காசு கொடுத்து வாங்கியது அந்தக் குளிரைத்தான். வெட்டிவேர் போட்ட தண்ணீரும் நன்னாரி சர்பத்தும் எத்தனை ருசியாக இருந்தாலும் அந்தக் குளிரைத் தராது. ஆகவே மலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மே மாதத்தில் வேண்டாம் என்கிறேன். காலாண்டு விடுமுறையில் இதே பயணம் குறைந்த செலவில் முடியும், அப்போதும் அங்கே குளிரும்.

அடுத்தது கோடைக்காலப் பயிற்சி முகாம். பெரிய அளவில் நாங்கள் இதை முயன்றதில்லை; விசாரித்ததோடு சரி. எங்கள் பக்கத்தில் தனியார் நடத்தும் முகாம்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு பிள்ளைக்கு நாலாயிரத்துக்குக் குறையாமல் கேட்கிறார்கள். மண்ணில் பொம்மை செய்யக் கற்றுத் தருவதற்கு அவ்வளவு ஏன் என்று எனக்குத் தோன்றியது. பிறகுதான் புரிந்தது, பலர் அந்தப் பணத்தைப் பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்காகக் கட்டுகிறார்கள். இருவரும் வேலைக்குப் போகிற, வீட்டில் பெரியவர் இல்லாத குடும்பத்துக்கு அது நியாயமான செலவு. அப்படிப்பட்டவர்கள் பணம் கட்டுவதற்கு முன் அரசின் ஜவகர் சிறுவர் மன்றத்திலும், மாவட்ட விளையாட்டு அரங்கில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் கோடைப் பயிற்சியிலும் ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது. இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

இனி ஆச்சி வீடு.

2023 மே கடைசியில் பத்து நாள் கல்லிடைக்குறிச்சியில் இருந்தோம். நெல்லை எக்ஸ்பிரஸில் திருநெல்வேலி, அங்கிருந்து செங்கோட்டை பாசஞ்சர். போகவர நால்வருக்கு 3,400 ரூபாய். வெறுங்கையோடு போக முடியாது என்பதால் புடவை, வேட்டி, மளிகை என்று 3,000. அங்கே பஸ், ஆட்டோ, வெளியிடங்கள் 1,200. சில்லறை 800. மொத்தம் 8,400. ஒரு நாளைக்கு 840 ரூபாய்! மலையில் அது ஏறக்குறைய ஒன்பதாயிரம்.

காலையில் ஆறரைக்குத் தாமிரபரணிக்குப் போனால் பிள்ளைகள் எட்டரைக்கு முன் கரையேறுவதில்லை. எதிர்க்கரையில் அம்பாசமுத்திரம் தெரியும். மகள் முழங்கால் தண்ணீரில் நிற்கப் பயந்தவள். ஐந்தாம் நாள் என் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நீந்தத் தொடங்கினாள். நகரத்தில் நீச்சல் கற்றுக்கொடுக்க என்ன கேட்கிறார்கள் என்று நோட்டின் ஓரத்தில் அன்று குறித்து வைத்தேன், பின்னால் பெருமைப்பட்டுக்கொள்ள.

ஒரு தவறும் செய்தோம். குற்றாலம் பக்கம்தானே என்று ஒரு நாள் கிளம்பிப் போனோம். அங்கே சீசன் தென்மேற்குப் பருவமழையோடு ஜூனில்தான் தொடங்கும் என்பது அந்தப் பக்கம் பிறந்து வளர்ந்த எனக்கே தெரியும். பிள்ளைகள் கெஞ்சியதில் புத்தி மழுங்கிவிட்டது. பாறையில் நூல் போல ஒழுகிய தண்ணீருக்கு அடியில் ஐம்பது பேர் நின்றிருந்தார்கள். மே மாதத்தில் அருவி வேண்டும் என்றால் பாபநாசத்துக்கு மேலே இருக்கும் அகத்தியர் அருவிக்குப் போகலாம், அது ஆண்டு முழுக்க விழும்.

ஆச்சி வீட்டுக் கணக்கில் எழுதப்படாத செலவு என் அம்மாவின் முழங்கால். அறுபத்தெட்டு வயதில் எட்டுப் பேருக்கு மூன்று வேளை சமைத்தார். நான் உதவிக்குப் போனால் "நீ அங்கே ஓடி ஓடி வேலை பார்க்கிறவள், இங்கே வந்தாவது உட்கார்" என்பார். உட்கார்ந்தேன். உட்கார்ந்திருக்கக் கூடாது. பத்து நாள் கழிந்து நாங்கள் ரயில் ஏறிய மறுநாள் அவர் மருத்துவரைப் பார்க்கப் போனதைத் தம்பி ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னான். பத்து நாள் அதிகம் என்பது அன்று தெரிந்தது. ஒரு வாரம் போதும், அதில் மூன்று நாள் சமையல் என்னுடையது என்று போகும்போதே சொல்லிவிட வேண்டும்.

அந்த ஆண்டு இன்னொன்றையும் கற்றுக்கொண்டோம். வெயில் தணியாததால் பள்ளித் திறப்பை இரண்டு முறை தள்ளிவைத்தார்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் ஜூன் 12, சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 14 ஆகிவிட்டது. நாங்களோ ஜூன் 3-ஆம் தேதியே திரும்பிவிட்டோம். எந்த ஏற்பாடும் இல்லாத பத்து நாள் வீட்டில் அடைந்து கிடந்ததில் இரண்டு பிள்ளைகளும் ரிமோட்டுக்காக ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டார்கள். மலைக்கோ ஊருக்கோ போனாலும் விடுமுறையின் பெரும்பகுதி வீட்டில்தான் கழிகிறது. எனவே வீட்டில் இருப்பதா வேண்டாமா என்பது கேள்வியே இல்லை. எப்படி இருப்பது என்பதுதான் யோசிக்க வேண்டியது.

2025-இல் முழுதாக வீட்டிலேயே இருந்து பார்த்தோம். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஜூன் 2-இல் பள்ளி திறக்கும்வரை 36 நாள். வழக்கமான மாதச் செலவுக்கு மேல் ஆனது 14,900 ரூபாய். ஒரு நாளைக்கு 414. மூன்றிலும் இதுதான் மலிவு. அந்த மே 24-ஆம் தேதியே பருவமழை கேரளத்தைத் தொட்டு, நீலகிரியில் சுற்றுலா இடங்களையெல்லாம் மூடியபோது, முன்பணம் கட்டிவிட்டுத் தவித்த உறவினர் ஒருவரின் புலம்பலை நாங்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டோம். அதில் ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது உண்மை.

ஆனால் அந்த 14,900-ஐப் பிரித்துப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

முதல் அடி மின்சாரம். ஏசி உள்ள ஒரே அறையில் இரவு மட்டும் என்றிருந்தது, பிள்ளைகள் வீட்டில் இருந்ததால் பகலுக்கும் நீண்டது. ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். முந்தைய இரண்டு மாதம் 420 யூனிட் ஓடியிருந்த மீட்டர், கோடையில் 780 காட்டியது. யூனிட் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. பில் ஆயிரத்து முந்நூறிலிருந்து நாலாயிரத்து ஐந்நூறுக்குத் தாவியது. காரணம் இதுதான். இரு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு மேலுள்ளவற்றுக்கு விலை ஏறுவதோடு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த குறைந்த விலையும் போய்விடும். 500-க்கு இந்தப் பக்கம் நிற்பதற்கும் அந்தப் பக்கம் விழுவதற்கும் அவ்வளவு வித்தியாசம். வீட்டில் கோடை கழிக்கிற யாரும் முதலில் பார்க்க வேண்டியது மீட்டர் பெட்டியை. எங்களுக்கு இது பில் வந்த பிறகுதான் உறைத்தது.

இரண்டாவது வாய். வெளியிலிருந்து வரவழைத்த சாப்பாடும் ஐஸ்கிரீமும் 5,100. ஏறக்குறைய மூன்று நாளைக்கு ஒரு முறை யாரோ ஒருவர் வாசலில் பொட்டலத்தோடு நின்றிருக்கிறார். மாம்பழம், நுங்கு, தர்பூசணி 2,400. இதில் எனக்கு வருத்தமில்லை. வெளியே போய்வந்தது 2,350. பானை, தாயக்கட்டை, வண்ணப் பெட்டி, புத்தகங்கள் 1,850. மின்சாரத்தில் கூடுதல் 3,200.

நோட்டில் வராதது அத்தை. நான் ஆறு மணிக்குத்தான் அலுவலகத்திலிருந்து திரும்புவேன். கணவருக்குக் காலை ஷிப்ட், மூன்றரைக்கு வருவார். அதுவரை பிள்ளைகளும் அடுப்பும் அத்தை பொறுப்பு. பள்ளி நாட்களில் ஒரு சிலிண்டர் 45 நாள் வரும். அந்த மே மாதம் 31 நாளில் தீர்ந்தது. 868 ரூபாய் 50 காசு கொடுத்து அடுத்த சிலிண்டரை வாங்கியபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. இரண்டாவது வாரம் ஒரு மாலை வீட்டுக்குள் நுழைந்தேன். அத்தை கூடத்தில் வெந்நீர் வாளிக்குள் இரண்டு காலையும் வைத்து உட்கார்ந்திருந்தார். மத்தியானம் தோசை கேட்டார்களாம்.

"எத்தனை அத்தை ஊற்றினீர்கள்?"

"எண்ணவில்லை. மாவு தீர்ந்ததும் நிறுத்திவிட்டேன்."

செலவில்லாத விடுமுறை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த விடுமுறை அந்த இரண்டு கால்களின் மேல் நின்றுகொண்டிருந்தது.

அன்று இரவே மாற்றினோம். மாலை நான்கு மணிக்கு மேல் அடுப்படி கணவருடையது. அவருக்குத் தெரிந்தது சுண்டலும் உப்புமாவும். ஒரு வாரம் அதையே மாற்றி மாற்றிச் செய்தார், பிறகு மகள் பரிதாபப்பட்டு அவல் புட்டு செய்யப் பாட்டியிடம் கற்றுக்கொண்டாள். பதினொரு மணிக்கு மோர் கலக்குவது மகன் வேலை. ஞாயிறு மதியத்தோடு சமையலறைக்கு விடுமுறை. இரவு பழமும் ரொட்டியும். கொசப்பேட்டையிலிருந்து குழாய் வைத்த மண்பானை ஒன்று வாங்கி, ஈர மணலில் உட்காரவைத்து, ஈரத்துணி சுற்றினோம். குளிர்சாதனப் பெட்டிக் கதவு நிமிடத்துக்கொரு முறை திறப்பது பாதியாகக் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், வெளியிலிருந்து வரவழைத்த பதினொரு தடவையில் ஒன்பது இந்த மாற்றத்துக்கு முன்பு. அடுப்படியில் ஒருவர் மட்டும் களைத்துப்போகும் வீட்டில்தான் தொலைபேசியை எடுத்துச் சாப்பாடு சொல்லத் தோன்றுகிறது போலிருக்கிறது.

அதன் பிறகு வந்த நாட்களில்தான் நல்ல நாட்கள் இருந்தன. கூழ்வற்றல் போட்ட இரண்டு நாளை இன்னும் பேசுகிறார்கள். ஒரு கிலோ பச்சரிசி மாவு, கால் கிலோ ஜவ்வரிசி, அரைத்த பச்சை மிளகாய், உப்பு, சீரகம், பெருங்காயம். செலவு 150 ரூபாய்க்குள். காலை ஐந்தரைக்கு அத்தை கூழ் கிண்ட ஆரம்பித்தார். கரண்டியில் எடுத்தால் கண்ணாடி போல மின்ன வேண்டும், அதுதான் பதம். ஏழு மணிக்குள் மாடியில் பழைய வேட்டியை விரித்து முறுக்கு நாழியில் பிழிந்துவிட வேண்டும். பத்து மணிக்குத் தரையில் கால் வைக்க முடியாது. காக்காய்க்குக் கறுப்புக் குடை ஒன்றை விரித்துவைத்தோம். முதல் நாள் பயந்த காக்காய் இரண்டாம் நாள் குடையின் மேலேயே வந்து உட்கார்ந்தது. மகன் மாடிப்படி நிழலில் தலையில் துண்டோடு காவல் இருந்தான், ஒரு மணி நேரத்துக்கு ஐந்து ரூபாய் கூலி பேசி. வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து வற்றலை உரிப்பது எப்படி என்று மகளுக்குத் தெரிந்துவிட்டது; என் தலைமுறையோடு போய்விடும் என்று நினைத்திருந்தேன்.

மத்தியானம் தாயம். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பதால் ஆட்டம் தொடங்கவே சில நாள் அரைமணி ஆகும். அத்தை கட்டையை உருட்டும் விதத்தில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது. இன்றுவரை யாராலும் நிரூபிக்க முடியவில்லை.

வெளியே போனது வாரத்துக்கு ஒரு முறை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்கு இரண்டு முறை போனோம். ஏசி அவர்களுடையது, மீட்டர் நம்முடையதல்ல. 1851-இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு முதலில் ஒரு வெள்ளிக்கிழமை போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினோம். வெள்ளி அங்கே விடுமுறை. நீங்களாவது பார்த்துப் போங்கள். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் டிக்கெட் இல்லை என்பதால் எங்கள் ஐவரில் மூவருக்குப் பயணச் செலவு பூஜ்யம். கடற்கரைக்குப் போவதென்றால் காலை ஐந்தரை. மாலைக் கடற்கரையில் மிளகாய் பஜ்ஜி, சோளம், ராட்டினம் என்று ஐந்நூறு ரூபாய் போய்விடும். விடியற்காலைக் கடற்கரையில் செலவழிக்க வழியே இல்லை.

யாருக்கு எது பொருந்தும் என்று என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். மொட்டை மாடிக்கு நேர் கீழே, காற்றோட்டம் இல்லாத ஒற்றை அறையில் இருப்பவர்களுக்கு முழு விடுமுறையும் வீட்டில் என்பது தண்டனை. அவர்களுக்கு ஆச்சி வீடு இருந்தால் அதுதான் முதல் தேர்வு. இல்லாவிட்டால் பகலுக்கு நூலகம். பிள்ளைகள் பத்து வயதுக்குக் கீழே இருந்தால் மலைக்குச் செலவிடுவதைத் தள்ளிவைக்கலாம். என் மகனுக்குக் கொடைக்கானலில் நினைவிருப்பது குதிரையும் வாந்தியும்தான். வீட்டில் பெரியவர் இருக்கிறார் என்பதற்காக வீட்டையே தேர்ந்தெடுப்பவர்கள், முதலில் அந்தப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

வரும் கோடைக்கு எங்கள் ஏற்பாடு முடிவாகிவிட்டது. ஒரு வாரம் கல்லிடைக்குறிச்சி, மீதி வீடு, மலை காலாண்டு விடுமுறையில். ரயில் முன்பதிவை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டதால் மே 10-ஆம் தேதி வண்டிக்கு மார்ச் 11 காலை எட்டு மணிக்குத்தான் திறக்கும். தேர்வு நேரத்துப் பரபரப்பில் மறந்துவிடாமல் நாட்காட்டியில் வட்டம் போட்டாகிவிட்டது. வீட்டு நாட்களுக்குப் பத்தாயிரம் ஒதுக்கியிருக்கிறேன். நோட்டில் புதிதாக ஒரு கட்டம் கிழித்து, அடுப்படியில் யார் எந்த நாள் என்று பெயர் எழுதியிருக்கிறேன். அத்தை பெயர் வாரத்துக்கு மூன்று நாள் மட்டும். அவர் அதைப் படித்துவிட்டு "பார்க்கலாம்" என்றார்.

மீட்டர் மகன் பொறுப்பு. அளவு எடுக்க ஆள் வந்துபோன மறுநாளிலிருந்து தினமும் காலை எண்ணைப் பார்த்துச் சுவரில் ஒட்டிய தாளில் எழுத வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு யூனிட்டைத் தாண்டினால் சிவப்பு மை. இரண்டு மாதமும் 500-க்குள் முடிந்தால் மிச்சமாகும் பணம் மலைப்பயணத்துக்குப் போகும், குதிரை சவாரி இரண்டு சுற்று. இப்போதே படிக்கட்டுக்குக் கீழே போய் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து, "அம்மா, அது யாரும் இல்லாதபோதும் ஓடிக்கொண்டே இருக்கிறது" என்று புகார் சொல்கிறான்.